கைப்பேசியில் ஒரு பழிச்சொல்



இணையத்தில் எழுதும் சாதாரண மனிதரை அவதூறுச் சட்டம் எங்கே பிடிக்கிறது, எங்கே பிடிக்கக் கூடாது என்பதைப் பற்றி இன்று பேசுகிறேன். இதற்கு வெளிநாட்டு வழக்குகளைத் தேடிப் போக வேண்டியதில்லை. நம் திருநெல்வேலி மாவட்டத்திலேயே, தாமிரபரணிக் கரையில் கொக்கிரகுளத்தில் இருக்கும் ஆட்சியர் அலுவலகத்தை ஒட்டியே அப்படி ஒரு வழக்கு பிறந்தது.

2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. மக்கள் குறைதீர்க்கும் நாள். கந்துவட்டிக் கொடுமை பற்றிப் பலமுறை மனு கொடுத்தும் பயன் காணாத ஒரு கூலித்தொழிலாளியின் குடும்பம் அந்த வளாகத்துக்குள்ளேயே தீக்கிரையானது. அவரும் மனைவியும் இரண்டு சின்னஞ்சிறு பெண் குழந்தைகளும் மாண்டார்கள். கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. பதினான்கு ஆண்டு கழித்தும் அந்தச் சட்டம் இந்தக் குடும்பத்தின் வீட்டு வாசலை எட்டவில்லை.

கார்ட்டூனிஸ்ட் பாலா இதைப் படமாக வரைந்து தம் முகநூல் பக்கத்தில் போட்டார். தரையில் குழந்தை எரிந்துகிடக்கிறது. முதலமைச்சரும் மாவட்ட ஆட்சியரும் காவல் ஆணையரும் உடையின்றி, ரூபாய் நோட்டுகளால் உடலை மறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். பார்த்தவர் எவரும் முகம் சுளிக்கும் படம்தான். முகம் சுளிக்க வைக்கவே அது வரையப்பட்டது. ஆட்சியர் தரப்பிலிருந்து புகார் போனது. நவம்பர் 5-ஆம் தேதி நெல்லைக் காவல்துறையினர் சென்னைக்குச் சென்று, பாலாவை அவருடைய வீட்டில் கைது செய்து திருநெல்வேலிக்குக் கொண்டுவந்தார்கள். மறுநாள் நீதிமன்றம் ஜாமீன் வழங்கியது. வழக்கோ 2021 வரை உயிரோடு இருந்தது. அந்த ஆண்டு மே மாதம்தான் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை ரத்து செய்தது. நெறி எது என்று மக்களுக்குப் பாடம் நடத்துவது நீதிமன்றத்தின் வேலையல்ல, நெறிகளைச் சமூகமே வளர்த்துக்கொள்ள வேண்டும் என்னும் பொருள்பட நீதிபதி ஜி. இளங்கோவன் சொன்னார். ஒரு படத்துக்காக ஒரு மனிதர் மூன்றரை ஆண்டு குற்றம் சாட்டப்பட்டவராக இருந்திருக்கிறார்.

இந்த வழக்கில் வழக்கறிஞனாகிய என்னை உறுத்தும் இடம் கைதுதான். நம் நாட்டில் அவதூறு என்பது காவல்துறை தானாகக் கைது செய்யக்கூடிய குற்றமே அல்ல. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 499, 500-ஆம் பிரிவுகளாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவாக இருக்கிறது. இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். புதிய சட்டத்தில் சமூக சேவையும் சேர்ந்திருக்கிறது. பழைய சட்டத்திலும் புதிய சட்டத்திலும் பாதிக்கப்பட்டவர்தான் நேரே குற்றவியல் நடுவரிடம் தனிப் புகார் கொடுக்க வேண்டும். காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை போட இடமில்லை. சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் 2016 மே 13 அன்று உச்ச நீதிமன்றம் குற்றவியல் அவதூறுச் சட்டம் செல்லும் என்று சொன்னபோதே இதையும் தெளிவாக்கியது. அதிகாரியின் அலுவல் சார்ந்த செயலைப் பற்றிய அவதூறு என்றால், அரசின் அனுமதியோடு அரசு வழக்கறிஞர் செஷன்ஸ் நீதிமன்றத்தில் புகார் கொடுக்கலாம். அதற்கும் போலீஸ் ஜீப் தேவையில்லை.

பிறகு பாலாவை எப்படிக் கைது செய்தார்கள்? அவதூறென்று தெரிந்தே ஒன்றை அச்சிடுவதற்கான தண்டனைச் சட்டத்தின் 501-ஆம் பிரிவோடு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவையும் சேர்த்தார்கள். அது ஆபாசப் படைப்பை மின்னணு வடிவில் வெளியிடுவதற்கான பிரிவு. காமத்தைக் கிளறுவது, பார்ப்பவர் மனத்தைக் கெடுப்பது என்பதே அதன் இலக்கணம். எரியும் குழந்தையின் படத்தைப் பார்த்து யாருக்குக் காமம் கிளறும்? இருந்தும் அந்தப் பிரிவு கைதுக்குரிய குற்றத்தைச் சொல்வது. பல குற்றங்களில் ஒன்றேனும் கைதுக்குரியதாக இருந்தால் வழக்கு முழுவதும் கைதுக்குரிய வழக்காகக் கருதப்படும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஓர் உட்பிரிவு இருக்கிறது. பழைய சட்டத்தில் 155(4), இப்போது 174(4). இந்த வாசல் வழியாகத்தான் அவதூறு வழக்குக்குள் விலங்கு நுழைகிறது. தாங்கள் எழுதியது அவதூறுதான், அதற்கு யாரும் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள் என்று நினைத்து எழுதுகிறவர்கள் இந்த உட்பிரிவை அறிந்திருக்க வேண்டும்.

வழக்கு பின்னால் தள்ளுபடியானால் போதாதா என்று கேட்கலாம். இந்தப் பகுதியில் அந்தக் கேள்விக்கு விடை தெரியாதவர்கள் இல்லை. கூடங்குளம் அணு உலை எதிர்ப்புப் போராட்டத்தின்போது ஆயிரக்கணக்கானோர்மேல் தேசத்துரோகப் பிரிவு உட்பட வழக்குகள் போடப்பட்டன. வெளிநாட்டு வேலைக்குப் போக வேண்டிய பையன் கடவுச்சீட்டுக்கு அலைய வேண்டி வந்ததை இடிந்தகரையைச் சுற்றிய ஊர்களில் கேட்டால் சொல்வார்கள். தீர்ப்பு வருமுன்பே தண்டனை தொடங்கிவிடுகிறது.

இத்தனை சொன்னதால், 67-ஆம் பிரிவே கெட்டது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே பிரிவு சென்னையில் ஒரு பெண்ணுக்குத் துணையாக நின்றது.

2004-இல் நடந்தது அது. மணமுறிவு பெற்ற ஒரு பெண். அவரை மணக்க விரும்பி மறுக்கப்பட்ட, குடும்பத்துக்கு அறிமுகமான ஓர் ஆள், அவர் பெயரில் பொய்யான மின்னஞ்சல் கணக்கு தொடங்கி, யாஹூ குழுவில் அவரை இழிவுபடுத்தும் ஆபாசச் செய்திகளைப் போட்டான். முகம் தெரியாதவர்களிடமிருந்து அவருக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கின. பிப்ரவரியில் அவர் புகார் கொடுத்தார். சென்னை சைபர் குற்றப்பிரிவு மும்பையில் அந்த ஆளைப் பிடித்தது. 2004 நவம்பர் 5 அன்று எழும்பூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நற்பெயரைக் கெடுப்பதற்காகப் போலி ஆவணம் உண்டாக்கிய 469-ஆம் பிரிவிலும், பெண்ணின் மானத்தை இழிவுபடுத்திய 509-ஆம் பிரிவிலும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவிலும் தண்டனை. இந்தியாவில் 67-ஆம் பிரிவின்கீழ் கிடைத்த முதல் தண்டனை என்று சட்டக் கல்லூரிகளில் இதைப் பாடமாகச் சொல்கிறார்கள்.

எழும்பூரில் நீதி தேடியவர் கையில் எந்த அதிகாரமும் இல்லை. பொய்யை மறுத்துப் பேச அவருக்கு மேடை கிடையாது. நெல்லை வழக்கிலோ, புகார் கொடுத்தவர் ஒரு பத்திரிகைக் குறிப்பு அனுப்பினால் மறுநாள் எல்லா நாளிதழும் அச்சிடும். எனக்கு இந்தத் துறையில் ஒரே ஒரு கருத்துதான் உறுதியாக இருக்கிறது: பேச வாய்ப்பில்லாதவரின் நற்பெயரைச் சட்டம் இறுக்கிக் காக்க வேண்டும், ஆட்சிப் பொறுப்பில் இருப்பவர் விமர்சனத்தைத் தாங்கிக்கொள்ளும்படி சட்டம் விலகி நிற்க வேண்டும். நடைமுறையில் நாம் காண்பது பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது.

இது என் சொந்த ஆசை அல்ல. உச்ச நீதிமன்றம் 1994 அக்டோபர் 7 அன்று ஒரு தமிழ்நாட்டு வழக்கிலேயே இதைச் சொல்லிவிட்டது. தூக்குத் தண்டனைக் கைதியான ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்தது. சிறை அதிகாரிகள், அதில் தங்கள் துறையினரைப் பற்றி வருவது பொய் என்று சொல்லித் தடுக்கப் பார்த்தார்கள். இதழின் ஆசிரியர் ராஜகோபால் பெயரால் அறியப்படும், நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு மூன்று விஷயங்களை நிலைநாட்டியது. அரசும் உள்ளாட்சி அமைப்பும் தமக்கு மானநஷ்டம் என்று வழக்குப் போட முடியாது. அதிகாரி தம் கடமை சார்ந்த செயலைப் பற்றிய விமர்சனத்துக்கு நஷ்ட ஈடு கேட்டால், எழுதியவர் உண்மையைப் பற்றிக் கவலையே படாமல் எழுதினார் என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். வெளிவருமுன்பே தடுக்கும் அதிகாரம் அரசுக்கோ அதிகாரிகளுக்கோ கிடையாது. 1964-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நியூயார்க் டைம்ஸ் வழக்கில் வகுத்த நெறி, ஒரு தமிழ் வார இதழின் வழியாக நம் சட்டத்துக்குள் வந்தது. இதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆனால் ராஜகோபால் தீர்ப்பு உரிமையியல் வழக்குக்குச் சொன்னது. குற்றவியல் பக்கம் அப்படியே கிடந்தது. அதன் விளைவைத் தமிழ்நாடு பார்த்தது: 2011 முதல் ஐந்தாண்டுகளில் அரசுத் தரப்பில் 213 அவதூறு வழக்குகள் போடப்பட்டதாக 2016 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. பொதுவாழ்வில் இருப்பவர் விமர்சனத்தை எதிர்கொள்ளத்தான் வேண்டும் என்று நீதிபதிகள் அப்போது கடிந்துகொண்டார்கள். 2020 மே 21 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி அப்துல் குத்தூஸ், பத்திரிகையாளர்கள்மீது அரசு தொடுத்திருந்த அவதூறு வழக்குகள் பலவற்றை ஒன்றாக ரத்து செய்தார். சாதாரண ஆளைப் போல அரசு சட்டெனச் சினம் கொள்ளக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இனி நம் வீட்டுக் கைப்பேசிக்கு வருகிறேன். இங்கே அரசும் அதிகாரியும் இல்லை. பக்கத்துத் தெருக்காரர், சங்கக் கடைக்காரர், பள்ளி ஆசிரியை, உறவுப் பெண். “அண்ணாச்சி, இதைப் பாத்தீங்களா, நம்ம குரூப்ல போடுங்க” என்று ஒருவர் அனுப்புகிறார். நீங்கள் போடுகிறீர்கள். சட்டத்தின் பார்வையில் வெளியீடு என்பது அங்கேயே முடிந்துவிட்டது. பழிக்கு ஆளானவரைத் தவிர வேறு ஒரே ஒருவர் படித்தாலும் அது வெளியீடுதான். ஆயிரம் பேர் படித்தார்களா, குடும்பத்தார் பத்துப் பேர் படித்தார்களா என்பது நஷ்ட ஈட்டைக் கூட்டிக் குறைக்கும், பொறுப்பை நீக்காது.

பெயர் சொல்லாமல் எழுதினால் தப்பிக்கலாம் என்று நம் ஊரில் பரவலான நம்பிக்கை இருக்கிறது. “பேர் சொல்ல மாட்டேன், பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல மருந்துக்கடை வச்சிருக்கவர்” என்று எழுதினால் வள்ளியூரில் யாருக்குத் தெரியாது? படிப்பவருக்கு ஆள் அடையாளம் தெரிந்தால் போதும். “அந்த உத்தமர் இருக்காரே” என்று புகழ்வதுபோலப் பழிப்பதும் குற்றமாகலாம் என்று சட்டத்தின் மூன்றாம் விளக்கம் சொல்கிறது. மெக்காலே குழுவினர் தண்டனைச் சட்டத்துக்கு வரைவு எழுதிய காலத்திலேயே இந்த நடை அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நான்காம் விளக்கத்தை நம் மாவட்டத்துக்காரர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஒருவரின் ஒழுக்கம், அறிவு, தொழில், நாணயம் இவற்றோடு சாதியைச் சொல்லி அவர் மதிப்பைத் தாழ்த்துவதும் அங்கே எழுதப்பட்டிருக்கிறது. இறந்தவரைப் பழித்தாலும், குடும்பத்தாரைப் புண்படுத்தும் நோக்கமிருந்தால், வழக்கு வரும்.

உண்மையைத்தானே எழுதினேன் என்று ஒருவர் சொல்லலாம். உரிமையியல் வழக்கில் உண்மை முழுக் காப்பு. குற்றவியல் வழக்கில் உண்மை மட்டும் போதாது. அதை வெளியிட்டது பொது நன்மைக்காக இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண் எந்த மருத்துவமனைக்குப் போகிறாள் என்பது உண்மையாகவே இருக்கட்டும், அதை ஊருக்குச் சொல்வதில் என்ன பொது நன்மை? நம் தென்பகுதிக் கொடைவிழாக்களில் வில்லில் பாடும் கதைகள் பலவற்றில், செய்யாத குற்றத்தின் பழியைச் சுமந்து செத்த பெண்தான் பிறகு பீடத்தில் தெய்வமாக நிற்கிறாள். அவளுக்குப் படையல் போடுகிற நாம், இன்னொரு பெண்ணைப் பற்றிய சொல்லை யோசிக்காமல் அடுத்த குழுவுக்குத் தள்ளிவிடுகிறோம். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, வரட்டும்.

சட்டத்தில் பத்து விலக்குகள் உண்டு. எல்லாவற்றையும் சொல்லி உங்களைச் சோர்வாக்க மாட்டேன். பொது ஊழியரின் அலுவலக நடத்தை, பொதுப் பிரச்சினையில் ஒருவரின் நடத்தை, தன் நலனையோ பொது நலனையோ காக்க நல்லெண்ணத்தோடு சொன்னது ஆகியவை நமக்கு அன்றாடம் உதவுபவை. நல்லெண்ணம் என்றால் மனத்தில் கெடுதல் இல்லை என்பதல்ல, தக்க கவனத்தோடு விசாரித்துச் சொன்னாரா என்பதே நீதிமன்றத்தின் கேள்வி. குளத்தில் மண் அள்ளியதில் ஊழல் என்று எழுத வேண்டுமா? தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு அளவைப் பதிவேட்டின் நகலை வாங்குங்கள். கிராமசபையில் கேட்டு, கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். அந்தக் காகிதங்களோடு, தேதி போட்டு, தொகை போட்டு எழுதினால் எவருக்கும் நீங்கள் பயப்பட வேண்டாம். “கொள்ளையடித்துவிட்டான்” என்ற ஒரு சொல்லைவிட அந்தக் கணக்கு அவரை அதிகம் தைக்கும்.

நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன் என்பதும் காப்பாகாது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவை நடிகர் எஸ்.வி. சேகர் 2018-இல் தம் முகநூலில் பகிர்ந்தார். பிறகு நீக்கி மன்னிப்பும் கேட்டார். அவர்மேல் போடப்பட்டவை அவதூறுப் பிரிவுகள் அல்ல, ஆனாலும் பகிர்ந்தவரின் பொறுப்பு என்ன என்பதற்கு அந்த வழக்கு முக்கியம். வழக்கை ரத்து செய்ய 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் மறுத்தார்; அனுப்பிய செய்தி வில்லை விட்டுப் போன அம்பு என்றார். அடுத்த மாதம் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. நேரடி அவதூறு வழக்கிலேயே, மறுபதிவு செய்வதும் வெளியீடுதான் என்று 2024 பிப்ரவரியில் அரவிந்த் கெஜ்ரிவால் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் கூறியது. அவர் அப்போது முதல்வராக இருந்தார், பல லட்சம் பேர் அவரைப் பின்தொடர்ந்தார்கள் என்பது அங்கே எடை போடப்பட்டது. இருநூறு பேர் கொண்ட ஊர்க்குழுவில் பகிரும் மாணவரையும் அதே தராசில் வைப்பது நியாயமில்லை என்பது என் கருத்து. வாட்ஸ்அப் குழு நிர்வாகிகள் ஓரளவு நிம்மதியாக இருக்கலாம்: வேறு எதுவும் செய்யாமல் நிர்வாகியாக மட்டும் இருந்ததற்காக ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று, கரூர் வழக்கறிஞர் குழு ஒன்றைப் பற்றிய வழக்கில் 2021 டிசம்பரில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் சொல்லியிருக்கிறார்.

பாதிக்கப்பட்டவருக்கு வழி என்ன? உரிமையியல் வழக்கு என்றால் ஓராண்டுக்குள் போட வேண்டும். பதிவு இன்னும் இணையத்தில் கிடக்கிறது, ஆகவே நாள்தோறும் புதுக் கால வரம்பு தொடங்குகிறது என்று வாதாட முடியாது. முதலில் வெளியான நாளே கணக்கு என்று 2013-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு முகநூல் வழக்கில் சொன்னது. குற்றவியல் புகாருக்கு மூன்று ஆண்டு. திரைப்பிடிப்பை அச்செடுத்துக் கொடுத்தால் மட்டும் நீதிமன்றம் ஏற்காது. மின்னணுச் சான்றுக்கான சான்றிதழ் வேண்டும். முன்பு சாட்சியச் சட்டத்தில் 65பி, இப்போது புதிய சட்டத்தில் 63-ஆம் பிரிவு. பலர் கோபத்தில் பதிவை நீக்க வைத்துவிட்டு, பிறகு ஆதாரம் இல்லாமல் என்னைப் போன்றவர்களிடம் வருகிறார்கள். முதலில் இணைப்பு முகவரியோடும் தேதியோடும் எடுத்து வையுங்கள். புதிய நடைமுறைச் சட்டத்தில் இன்னொரு நல்ல மாற்றமும் உண்டு: தனிப் புகாரை நடுவர் ஏற்குமுன் எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும். வீண் புகார்களில் சிலவேனும் வாசலிலேயே நிற்கும்.

கடைசியாகச் சட்டமியற்றுவோரிடம் கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். இலங்கை 2002-இல் குற்றவியல் அவதூறை நீக்கிவிட்டது. இந்தச் சட்டத்தை நமக்குக் கொடுத்த இங்கிலாந்தே 2009-இல் தன் நாட்டில் அதை ஒழித்தது. நாம் 2023-இல் தண்டனைச் சட்டத்தைப் புதிதாக எழுதும் வாய்ப்புக் கிடைத்தும் அதைக் கைவிடவில்லை. சிறைத் தண்டனை போக வேண்டும். அது போகும் நாள்வரை, பொது ஊழியர் தம் அலுவல் பற்றிய விமர்சனத்துக்காகக் கொடுக்கும் புகாருக்கு 174(4)-ஆம் உட்பிரிவு பொருந்தாது என்று ஒரு வரி சேர்க்கப்பட வேண்டும். வேறு பிரிவை ஒட்டவைத்துக் கைது செய்யும் வழி அதோடு அடைபடும். இன்னொரு பக்கம், பழிக்கு ஆளான ஏழைக்கு உரிமையியல் நீதிமன்றம் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நஷ்ட ஈடு கேட்டால் கேட்கும் தொகையின் விகிதத்தில் நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது. பொய்யை நீக்கு, மன்னிப்பை அதே இடத்தில் வெளியிடு என்று மட்டும் கேட்கும் வழக்குகளுக்கு இந்தக் கட்டணத்தை அடியோடு எடுத்துவிடலாம். பெரும்பாலானோர் கேட்பது அவ்வளவுதான். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு. வட்டச் சட்டப்பணிகள் குழுவில் ஒரு வெள்ளைத்தாளில் மனு எழுதிக் கொடுத்தால் போதும்.